பேண்டு காசை எப்படிப் பங்கு வைக்கிறீர்கள்? (களியக்காவிளைப் பக்கம், ஐந்து பேர்)

பின்வரிசை டிரம்ஸ் எழுதியது:

வணக்கம் மக்களே. மார்த்தாண்டத்துக்கும் பாறசாலைக்கும் இடையில் கிடக்கிற ஐந்து பேர் ராக் பேண்டு எங்களுடையது. பாட்டு, லீடு கிட்டார், கீபோர்டு, பேஸ் கிட்டார், டிரம்ஸ். நான் டிரம்ஸ். பாதிப் பேர் சர்ச் குவயரில் வாசித்து வந்தவர்கள். சொந்தப் பாட்டு தமிழில் கொஞ்சம், மலையாளத்தில் இரண்டு, மீதி நேரத்துக்குக் கவர், அதாவது மற்றவர்கள் போட்ட பாட்டு. திருவனந்தபுரம் காலேஜ் விழா, நாகர்கோவில் பக்கம் கிறிஸ்துமஸ் ஸ்டேஜ், ஓணத்துக்கு கோவளம் ரிசார்ட் என்று எல்லைக்கு இரண்டு பக்கமும் ஓரளவு ஓடுகிறது.

இதுவரை கணக்கு சுலபம். வந்த காசில் வண்டி வாடகை, சாப்பாடு, சவுண்டு பார்க்கிற தம்பிக்குக் கூலி எல்லாம் கழித்து ஐந்தாக வகுப்போம். கடைசி ஷோவுக்கு 60,000. செலவு 16,000. மீதி 44,000, ஆளுக்கு 8,800. களியக்காவிளை டீக்கடை பெஞ்சிலேயே வைத்துப் பிரித்தாயிற்று.

அங்கேதான் லீடு கிட்டார் வாயைத் திறந்தான். இனிமேல் அவனுக்கு இரண்டு பங்கு வேண்டுமாம். மெட்டு எல்லாம் அவனுடையது, புக்கிங் பிடிக்கிறவன் அவன், மிக்சரும் காதில் மாட்டுகிற மானிட்டர் செட்டும் அவன் வாங்கியது. உடனே பாடுகிற பிள்ளை, "அப்படியென்றால் எனக்கு ஒன்றரை. போஸ்டரில் இருக்கிறது யார் முகம்?" என்றது. பேஸ் பையன் போன வருஷம் சேர்ந்தவன், அவன் டீயையே பார்த்துக்கொண்டிருந்தான். கீபோர்டு எப்போதும்போல ஒன்றும் பேசவில்லை.

கிட்டாருக்கு இரண்டு என்றால் ஆறு பங்கு. எனக்கு 7,333 வரும். 1,467 ரூபாய்தான் வித்தியாசம், அதற்காகச் சண்டை போட மனசில்லை. ஆனால் தூக்கம் வரவில்லை. மற்ற பேண்டுகளில் என்ன வழக்கம்?

---

குழித்துறை பேஸ் எழுதியது:

சமம். பேச்சே வேண்டாம்.

நீண்ட நாள் உடையாமல் இருந்த பேண்டுகளைப் பாருங்கள். ஆர்.ஈ.எம். நான்கு பேர், எந்தப் பாட்டை யார் ஆரம்பித்தாலும் நான்கு பேர் பெயரும் போட்டுக் காசையும் நான்காகவே பிரித்தார்கள். யூ2வுக்கு ஆரம்பத்திலேயே அவர்களுடைய மேனேஜர் பால் மெக்கின்னஸ் சொன்ன புத்தி அதுதான்: சமமாகப் பிரியுங்கள், பின்னால் சண்டை வராது. குயீன் பேண்டில் யார் பாட்டு தனி ரெக்கார்டாக (சிங்கிள்) வருவது, பாட்டு எழுதியதற்கான காசு (ராயல்டி) யாருக்கு அதிகம் என்று உள்ளுக்குள் எப்போதும் உரசல். 1989 ஆல்பத்தில் எல்லாப் பாட்டுக்கும் "குயீன்" என்றே போட்டார்கள். அதன் பிறகு அந்த உரசல் இல்லை என்று அவர்களே சொல்லியிருக்கிறார்கள்.

டோர்ஸ் இன்னும் ஒரு படி மேலே. பங்கும் சமம், வாக்கும் சமம், ஒருவர் வேண்டாம் என்றாலும் வேண்டாம்தான். காடிலாக் கார் விளம்பரத்துக்குப் பாட்டைக் கேட்டு ஒன்றரைக் கோடி டாலர் தருகிறோம் என்றபோது டிரம்மர் ஜான் டென்ஸ்மோர் ஒருத்தர் மாட்டேன் என்றார். பாட்டு போகவில்லை. டிரம்மர், கவனியுங்கள்.

---

ஆறாவது கம்பி எழுதியது:

குழித்துறை அண்ணே, நீங்கள் சொன்ன பேண்டுகளில் நான்கு பேரும் ஒரே அளவு உழைத்தார்கள் அல்லது அப்படி நம்பினார்கள். அது இல்லாத இடத்தில் சமம் என்பதும் ஒரு அநியாயம்தான். ஒருத்தன் ராத்திரி முழுக்க உட்கார்ந்து மெட்டுப் போட்டு, டெமோ எடுத்து, எல்லாருக்கும் அனுப்பி, பிராக்டிசுக்கு வா வா என்று கெஞ்சி, கடைசியில் வந்து தாளம் போட்டவனுக்கும் அதே காசு என்றால் அடுத்த பாட்டு எப்படி வரும்?

நிர்வானா பேண்டில் முதலில் மூன்று பேருக்கும் சமம்தான். ஆல்பம் பிய்த்துக்கொண்டு ஓடிய பிறகு பாடகர் கர்ட் கோபேன் வரி முழுக்க என்னுடையது, இசையில் முக்கால்வாசி என்னுடையது என்று மாற்றி எழுத வைத்தார். கேட்டது நியாயம்தான் என்பேன். முன்தேதியிட்டுக் கேட்டதுதான் தப்பு. அதில்தான் மற்ற இருவருக்கும் மனம் விட்டுப்போனது.

(ஆமாம், நானும் கிட்டார்தான். ஐடியைப் பார்த்தாலே தெரியும்.)

---

பழைய ட்ரூப் எழுதியது:

தம்பிமாரே, நான் மெல்லிசைக் குழுவில் வாசித்த ஆள். நம்ம பக்கம் கச்சேரி, அந்தப் பக்கம் கானமேளா. ஆனால் கணக்கு இரண்டு பக்கமும் ஒன்று. ட்ரூப் முதலாளி கமிட்டியிடம் பேசி வாங்குவார். பாடகிக்கு இவ்வளவு, கீபோர்டுக்கு இவ்வளவு, ரிதம் பேடுக்கு இவ்வளவு என்று முன்கூட்டியே பேச்சு. விடியக்காலை வண்டியில் காசுக் கவர் கைக்கு வரும். கமிட்டி எவ்வளவு கொடுத்தது என்று யாரும் கேட்டதில்லை, கேட்கிற உரிமையும் இல்லை. ஏனென்றால் மழை பெய்து கச்சேரி நின்றாலும் நமக்கு நம்ம கூலி வந்தாக வேண்டும். நட்டம் முதலாளி தலையில்.

உங்கள் கிட்டார் தம்பி முதலாளி பங்கு கேட்கிறார். கேட்கட்டும், தப்பில்லை. மழை பெய்தால் மற்ற நாலு பேருக்கும் சொன்ன காசைக் கையிலிருந்து கொடுப்பாரா என்று கேட்டுச் சொல்லுங்கள். அப்புறம் பேசலாம்.

---

பின்வரிசை டிரம்ஸ் எழுதியது:

அண்ணாச்சி, சரியான இடத்தில் கை வைத்தீர்கள். போன சீசனில் ஒரு கோயில் கமிட்டி பேசியதில் பாதிதான் கொடுத்தது. மழையில் கூட்டம் கலைந்துவிட்டதாம். அந்தப் பாதியை ஐந்தாகத்தான் பிரித்தோம். வண்டி வாடகை போக ஆளுக்கு நாலு புரோட்டா காசு. அன்றைக்கு அவன் பங்கு ஒன்றாகத்தான் இருந்தது.

---

தூத்தூர்க்காரன் எழுதியது:

எங்கள் ஊர்ப் படகில் இந்தச் சண்டை எப்போதோ தீர்ந்துபோன விஷயம். மாமாவுடைய படகுக் கணக்கைச் சின்ன வயசிலிருந்து பார்த்து வளர்ந்தவன் நான்.

கரைக்கு வந்ததும் மீன் விற்ற காசில் முதலில் டீசல், ஐஸ், அரிசி பலசரக்கு கழியும். அப்புறம் படகுக்கும் எஞ்சினுக்கும் வலைக்கும் ஒரு பகுதி போகும். அது ஓனர் என்கிற மனுஷனுக்கு இல்லை, சாமானுக்கு. வலை கிழிந்தால் அந்தப் பகுதியிலிருந்துதான் புது வலை வர வேண்டும். மீதி, கடலுக்குப் போன ஆளுகளுக்குப் பங்கு. படகை ஓட்டுகிற ஸ்ராங்குக்குக் கூடுதல் உண்டு. அந்தக் கூடுதல் எதற்கு என்று படகில் இருக்கிற எல்லாருக்கும் தெரியும். விகிதம் ஊருக்கு ஊர் மாறும், முறை இதுதான். ஓனரே கடலுக்கு வந்தால் படகுப் பங்கும் வாங்குவார், ஆள் பங்கும் வாங்குவார். அதைப் பார்த்து யாருக்கும் எரிச்சல் வராது.

உங்கள் கிட்டார் மிக்சருக்கும் மெட்டுக்கும் போன்காலுக்கும் சேர்த்து மொத்தமாக "ரெண்டு" என்று கேட்டதுதான் குழப்பம். தனித்தனியாகக் கேட்டிருந்தால் நீங்களே கொடுத்திருப்பீர்கள்.

---

கோர்ட்டு வாசல் எழுதியது:

பேசி எழுதி வைக்கவில்லை என்றால் சட்டம் உங்களுக்காக ஏற்கெனவே எழுதி வைத்திருக்கிறது. 1932ஆம் வருஷத்து இந்தியக் கூட்டாண்மைச் சட்டம், 13ஆம் பிரிவு: வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால் பங்குதாரர்களுக்கு லாபத்தில் சம பங்கு, நட்டத்திலும் சம பங்கு. அதே பிரிவில் இன்னொன்றும் உண்டு. தொழிலை நடத்தினேன் என்பதற்காக ஒரு பங்குதாரர் தனியாகச் சம்பளம் கேட்க முடியாது. ராத்திரி பகல் போன் பேசிப் புக்கிங் பிடித்திருந்தாலும், அதற்குக் காசு என்று முன்பே பேசியிருந்தால்தான் உண்டு.

"நாங்கள் எங்கே பார்ட்னர்ஷிப் போட்டோம்?" என்று கேட்பீர்கள். ஐந்து பேர் சேர்ந்து ஒரு தொழிலை நடத்தி லாபத்தைப் பிரித்துக்கொண்டு வந்தால், பத்திரம் இல்லாவிட்டாலும் அது கூட்டாண்மைதான் என்று வாதாட நல்ல இடம் இருக்கிறது. ஆனால் பதிவு செய்யாத கூட்டாண்மையில் 69ஆம் பிரிவு குறுக்கே நிற்கும். பேண்டு நடந்துகொண்டிருக்கும்போது என் பங்கைக் கொடு என்று ஒருத்தர் மேல் ஒருத்தர் வழக்குப் போட முடியாது. கலைத்துவிட்டுக் கணக்குக் கேட்கலாம். ஆக, கோர்ட்டுக்குப் போனால் பேண்டு இருக்காது.

உலகம் அறிந்த உதாரணம் தி ஸ்மித்ஸ் என்கிற இங்கிலாந்து பேண்டு. டிரம்மர் மைக் ஜாய்ஸுக்கு 10 சதவீதம்தான் கொடுத்துவந்தார்கள். பாடகர் மாரிசியும் கிட்டார் ஜானி மாரும் ஆளுக்கு 40. அதற்கு இவர் சம்மதித்ததாக எழுத்து எதுவும் இல்லை. 1996இல் லண்டன் நீதிமன்றம் நான்கு பேரும் சம பங்குதாரர்கள், அவருக்கு 25 சதவீதம் என்று தீர்ப்புச் சொன்னது. பிரிட்டனில் 1890ஆம் வருஷத்துச் சட்டம், நம்முடையது அதன் சாயலில் வந்ததுதான்.

ஆனால் டிரம்மர் தம்பி ரொம்பக் குதிக்க வேண்டாம். அந்தத் தீர்ப்பு மேடைக்காசுக்கும் ரெக்கார்டிங் காசுக்கும் மட்டும். பாட்டை எழுதியவர்களுக்கு வருகிற ராயல்டியில் ஜாய்ஸ் கை வைக்கவில்லை. அதில் கை வைத்தவர்கள் ஸ்பாண்டவ் பாலே பேண்டின் மூன்று பேர். பாட்டு எழுதிய கேரி கெம்ப் மேல் வழக்குப் போட்டு 1999இல் தோற்றார்கள். வாய்ப்பேச்சு ஒப்பந்தம் நிரூபணமாகவில்லை. பாட்டு வாசித்தது பாட்டு எழுதியதாக ஆகாது என்றும் சொல்லிவிட்டார்கள்.

நம்ம பதிப்புரிமைச் சட்டத்திலும் (1957) இப்படித்தான் தனித்தனி. வரி ஒரு சொத்து, எழுதியவருக்கு. மெட்டு ஒரு சொத்து, போட்டவருக்கு. இரண்டும் அவரவர் காலத்துக்குப் பிறகும் 60 வருஷம் நிற்கும். ரெக்கார்டிங் வேறொரு சொத்து, முன்னின்று பொறுப்பெடுத்து அதை உண்டாக்கியவருக்கு. நடைமுறையில் ஸ்டூடியோவுக்குக் காசு கட்டியவர் என்று வைத்துக்கொள்ளுங்கள். வாசித்தவர்களுக்கும் பாடியவர்களுக்கும் நிகழ்த்துகலைஞர் உரிமை என்று தனியாக 50 வருஷம் உண்டு.

அதனால் பின்வரிசையிடம் ஒரே கேள்வி. யூடியூபில் போட்டிருக்கிற பாட்டுக்கு ஸ்டூடியோ காசு யார் கொடுத்தது?

---

பின்வரிசை டிரம்ஸ் எழுதியது:

ஐந்து பேரும் போட்டோம். பேஸ் மட்டும் அப்போது வேறு ஆள், அவனும் போட்டான். ஆனால் ஸ்ட்ரீமிங் காசு கிட்டார் கணக்குக்குத்தான் வருகிறது. இதுவரை வந்ததே ஒரு பிரியாணிக்குத் தேறாது, அதனால் யாரும் கேட்கவில்லை.

---

சும்மா வந்தேன் எழுதியது:

8,800 ரூபாய்க்கு லண்டன் கோர்ட்டு வரைக்கும் போயாச்சா 😀

---

கோர்ட்டு வாசல் எழுதியது:

பிரியாணிக் காசாக இருக்கும்போதுதான் எல்லாரும் சிரித்துக்கொண்டே கையெழுத்துப் போடுவார்கள்.

---

ஆர்கன் அக்கா எழுதியது:

அந்தப் பேசாத கீபோர்டு சார்பில் நான் பேசுகிறேன். எனக்கும் சர்ச் ஆர்கனில் ஆரம்பித்த கைதான்.

"மெட்டு அவனுடையது" என்று எல்லாரும் சுலபமாகச் சொல்லிவிட்டுப் போகிறீர்கள். மெட்டு எங்கே முடிகிறது? ஒருத்தன் கிட்டாரில் மூன்று கார்டும் ஒரு ஹம்மிங்கும் வாட்ஸ்அப்பில் அனுப்புகிறான். நான் அதற்கு முன்னால் எட்டு பார் இன்ட்ரோ போடுகிறேன். மேடையில் அந்த இன்ட்ரோவுக்குத்தான் கூட்டம் கத்துகிறது, பாட ஆரம்பிக்கும் முன்பே. அது யாருடையது?

புரோக்கல் ஹாரம் பேண்டின் ஆர்கன்காரர் மேத்யூ ஃபிஷர் இதைத்தான் கேட்டார். 1967இல் வந்து உலகம் முழுக்க ஓடிய பாட்டு. அதன் ஆர்கன் பகுதியைக் கேட்டால் நம்ம குவயர் ஆட்கள் "அட, இது அந்த ஜெர்மன்காரர் பாக் போட்ட இசை மாதிரி இருக்கே" என்பார்கள். பாட்டு பாடகர் பெயரிலும் வரி எழுதியவர் பெயரிலும் மட்டும் இருந்தது. ஃபிஷர் கிட்டத்தட்ட நாற்பது வருஷம் சும்மா இருந்துவிட்டு 2005இல் கேட்டார். 2009இல் இங்கிலாந்து பிரபுக்கள் சபை வரை போய், இசையில் 40 சதவீதம் அவருடையது என்று ஆனது. பணம் மட்டும் 2005க்குப் பிறகு உள்ளதற்குத்தான். நடுவில் போன வருஷங்கள் போனதுதான்.

அதற்காக நடுவில் வாசிக்கிற ஒவ்வொரு சின்னத் துணுக்குக்கும் உரிமை கேட்கச் சொல்லவில்லை. எங்கள் பேண்டில் பாட்டு பிறந்த அன்றைக்கே கேட்டுவிடுவோம்: இந்தப் பகுதியை எடுத்துவிட்டால் இது அதே பாட்டாக இருக்குமா? இருக்காது என்றால் அந்த ஆள் பெயரும் மெட்டில் சேரும். பெரும்பாலும் பத்து நிமிஷத்தில் முடிவாகிவிடும். ஒரே ஒரு தடவை மூன்று வாரம் யாரும் யாருடனும் பேசவில்லை.

இன்னொன்று, ஒருத்தரும் தொடாதது. பாடுகிற பிள்ளை ஒன்றரை கேட்டதைக் கேலியாக எழுதியிருக்கிறீர்கள். ஷோ முடிந்து ராத்திரி இரண்டு மணிக்கு உங்களை டீக்கடையில் இறக்கிவிட்டால் பைக்கில் போய்விடுவீர்கள். அந்தப் பிள்ளை எப்படி வீட்டுக்குப் போகிறது? டாக்சி என்றால் யார் காசு? மேடை உடுப்பு யார் காசு? தொண்டை கட்டினால் நாலு நாள் டியூஷன் வகுப்பு போச்சு, அது யார் காசு? இதையெல்லாம் பொதுச்செலவில் எழுதிவிட்டு அப்புறம் கேளுங்கள், ஒன்றரை வேண்டுமா என்று.

---

பின்வரிசை டிரம்ஸ் எழுதியது:

அக்கா, அதன் அப்பா வந்து கூட்டிப்போவதால் டாக்சி பற்றி நாங்கள் யோசித்ததே இல்லை. உடுப்பு அதுவேதான் வாங்குகிறது. சேர்த்துக்கொள்கிறேன்.

---

வரவு செலவு எழுதியது:

பணம் யார் பெயரில் வருகிறது என்பதை யாருமே கேட்கவில்லையே. காலேஜோ ரிசார்ட்டோ பில் கேட்டுப் பணம் போட்டால், தொழில்முறைக் கட்டணம் என்று 10 சதவீதம் வரி பிடித்துக்கொண்டுதான் போடுவார்கள். அது கிட்டார் தம்பியின் பான் எண்ணில் பதிவாகும். வருமான வரி பார்வையில் மொத்த 60,000மும் அவர் சம்பாதித்தது. பிறகு உங்களுக்கு ரொக்கமாகக் கொடுத்தால் அவர் கையில் ஆதாரம் இல்லை. பிடித்த வரியும் அவர் பெயரில்தான் திரும்ப வரும். அதைப் பிரித்தாரா என்று நீங்களும் கேட்டிருக்க மாட்டீர்கள். பங்கை வங்கி வழியாகவே அனுப்பச் சொல்லுங்கள், அவருக்கும் அதுதான் பாதுகாப்பு.

பார்ட்னர்ஷிப் பதிவு செய்து தனி பான் எடுக்கலாம். ஆனால் கூட்டாண்மை நிறுவனத்தின் லாபத்துக்கு முதல் ரூபாயிலிருந்தே 30 சதவீதம் வரி. பங்குதாரர் சம்பளம் என்று எழுதிக் கழிக்கலாம்தான், அதற்குப் பத்திரத்தில் சம்பளம் எழுதியிருக்க வேண்டும். உங்கள் அளவுக்கு இப்போது அது தேவையில்லை என்பது என் கருத்து.

ஜிஎஸ்டி: நாட்டார் கலை, செவ்வியல் கலை என்றால் ஒரு நிகழ்ச்சிக்கு ஒன்றரை லட்சம் வரை விலக்கு உண்டு. ராக்குக்கு இல்லை. செண்டைக்கு உண்டு, டிரம்ஸுக்கு இல்லை, பின்வரிசை மன்னிக்கவும். ஆனால் வருஷ வரவு 20 லட்சத்துக்குள் இருக்கும்வரை பதிவே வேண்டாம், எல்லை தாண்டி வாசித்தாலும்.

---

இரண்டு பங்கு எழுதியது:

புது ஐடி. களியக்காவிளை, ஐந்து பேர், மிக்சர் என்றால் ஊரில் யாருக்கடே தெரியாது? அந்தக் கிட்டார் நான்தான்.

என் பக்கமும் கேளுங்கள். மிக்சருக்கு மாசம் 4,200 தவணை போகிறது. ஷோ இல்லாத மாசமும் போகிறது. புக்கிங் என்றால் ஒரு போன் என்று நினைக்கிறீர்கள். கமிட்டி செயலாளர் வீட்டுக்கு இரண்டு தடவை போய், திண்ணையில் உட்கார்ந்து, "பயல்களா, சத்தம் மட்டும்தானா, பக்திப் பாட்டும் உண்டா?" என்று கேட்பதற்கெல்லாம் பல்லைக் காட்டி, அட்வான்ஸ் வாங்கி வர வேண்டும். ஷோ முடிந்ததும் நீங்கள் எல்லாரும் வண்டியில் ஏறிவிடுவீர்கள். மீதிக் காசுக்காக ஸ்டேஜுக்குப் பின்னால் நிற்கிறவன் நான். அந்தக் கோயில் கமிட்டிக்காரர் "பாதிதான்" என்றபோது அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றவனும் நான்தான். ஊர் அறிய எழுதுவதற்கு முன்னால் என்னிடம் கேட்டிருக்கலாம்.

---

பின்வரிசை டிரம்ஸ் எழுதியது:

பெயர் போடவில்லையே. சரி, வந்தது நல்லதாயிற்று.

நீ சாமானைச் சொன்னாய், நானும் சொல்கிறேன். என் பதினாறு இன்ச் கிராஷ் என்கிற உலோகத் தட்டு ஓரத்தில் விரிசல் விட்டது ரிசார்ட் ஷோவில். அதற்கு மேல் ஓடாமல் இருக்க விரிசல் முடிகிற இடத்தில் ஓட்டை போட்டு வைத்திருக்கிறேன். இப்போது அடித்தால் தட்டில் கரண்டி போட்ட சத்தம். புதுசு 14,000. ஒவ்வொரு ஷோவுக்கும் கிட்டை நானே பிரித்து, நானே வண்டியில் ஏற்றி, கடைசி ஆளாக இறங்குகிறேன். ஸ்நேர் தோல், குச்சி எல்லாம் என் கைக்காசு. எனக்கும் சாமான் உண்டு, மக்கா.

---

இரண்டு பங்கு எழுதியது:

கிராஷ் உடைந்ததை நீ சொல்லவே இல்லையேடே. அந்தச் சத்தம் மைக் பிரச்சினை என்று சவுண்டு தம்பியைத் திட்டிக்கொண்டிருந்தேன்.

---

தூத்தூர்க்காரன் எழுதியது:

இரண்டு பேரும் வந்தாச்சு. அப்படியானால் கணக்கு போட்டுவிடலாம். 60,000இல் செலவு 16,000 போகட்டும், பிள்ளையின் டாக்சியும் உடுப்பும் அடுத்த தடவை அதில் சேரட்டும். மீதி 44,000. ஷோ பிடித்த ஆளுக்கு 10 சதவீதம். மிக்சருக்கு வாடகை 2,000, டிரம்ஸுக்கு 1,000. மீதி ஐந்து சமம்.

---

பழைய ட்ரூப் எழுதியது:

பத்து சதவீதம் மொத்தத்தில் போடாதீர்கள், செலவு போக மீதியில் போடுங்கள். மொத்தத்தில் போட்டால் பிடிக்கிறவருக்கு வண்டி வாடகை ஏறினாலும் கவலை இருக்காது. நான் பார்த்திருக்கிறேன், பக்கத்து ஊர் ஷோவுக்கு ஏசி டிராவலர் வந்து நின்றதை.

---

வரவு செலவு எழுதியது:

மீதியில் என்றால் புக்கிங்குக்கு 4,400. சாமானுக்கு 3,000. மிச்சம் 36,600, ஆளுக்கு 7,320.

கிட்டாருக்கு 7,320 + 4,400 + 2,000 = 13,720. டிரம்ஸுக்கு 8,320. மற்ற மூவருக்கும் 7,320. இரண்டு பங்கு கொடுத்திருந்தால் கிட்டாருக்கு 14,667, மற்றவர்களுக்கு 7,333. அந்த மூன்று பேருக்கும் வித்தியாசம் பதிமூன்று ரூபாய்!

---

குழித்துறை பேஸ் எழுதியது:

இதற்குத்தானா இவ்வளவு பேச்சு? கடைசியில் அவன் கேட்டதில் முக்கால்வாசி கொடுத்தாயிற்றே. சமம் என்று நான் சொன்னது காற்றில் போச்சு.

---

ஆர்கன் அக்கா எழுதியது:

போகவில்லை தம்பி. நாளைக்குப் பேஸ் பையன் ஒரு ஷோ பிடித்து வந்தால் அந்த 4,400 அவனுக்கு. மிக்சர் தவணை முடிந்ததும் அந்த 2,000ஐ மறுபடி பேசலாம். இரண்டு பங்கு என்று ஒத்துக்கொண்டிருந்தால் அது அவன் வாழ்நாள் முழுக்க இரண்டு பங்கு. ஆள் பங்கு ஐந்து பேருக்கும் சமமாகத்தான் நிற்கிறது, நேற்று வந்த பேஸுக்கும். ரோலிங் ஸ்டோன்ஸ் பேண்டில் கிட்டார்காரர் ரானி வுட் எழுபதுகளில் சேர்ந்து, தொண்ணூறுகளில்தான் முழுப் பங்காளி ஆனார். அதுவரை சம்பளம். பையனுக்கு அந்தக் கதி வேண்டாம்.

---

ஆறாவது கம்பி எழுதியது:

மெட்டுக்கு? மேடைக்கணக்கில் மெட்டுக்கு ஒன்றுமே இல்லையே.

---

கோர்ட்டு வாசல் எழுதியது:

மேடையில் பாதி நேரம் வாசிப்பது கவர். அந்த மெட்டுக்காரர்களுக்கு நீங்கள் பங்கு வைக்கிறீர்களா என்ன? மெட்டின் காசு வேறு வழியாக வர வேண்டும். ஐபிஆர்எஸ் என்கிற இசைப் பதிப்புரிமைச் சங்கம் 1969இலிருந்து இருக்கிறது. வரி எழுதியவரும் மெட்டுப் போட்டவரும் அதில் உறுப்பினராகிப் பாட்டைப் பதியலாம். பதியும்போது யாருக்கு எத்தனை சதவீதம் என்று எழுத வேண்டும். அந்தக் கட்டத்தில் என்ன எண் போடுவது என்று ஐந்து பேரும் உட்கார்ந்து பேசுங்கள். இன்ட்ரோ பற்றிய அக்காவின் கேள்வியை அங்கே வையுங்கள். ரெக்கார்டிங்குக்கு எல்லாரும் காசு போட்டிருக்கிறீர்கள், ஸ்ட்ரீமிங் காசு எல்லாருக்கும். பழைய பேஸ் உட்பட.

---

இரண்டு பங்கு எழுதியது:

சரி. மெட்டு இருக்கிற இடத்தில் இருக்கட்டும். மேடைக்கணக்கு இப்படியே போகட்டும், எனக்குச் சம்மதம். மழை வந்தால்?

---

பழைய ட்ரூப் எழுதியது:

கமிட்டி காசைக் குறைத்தால் முதலில் புக்கிங் கமிஷன் போகும், அப்புறம் சாமான் வாடகை, கடைசியாகத்தான் ஆள் கூலியில் கை வைக்க வேண்டும். பிடித்து வந்தவர்தான் கமிட்டியிடம் கறாராகப் பேசி அட்வான்ஸை முன்னாலேயே வாங்கியிருக்க வேண்டும்.

---

இரண்டு பங்கு எழுதியது:

அண்ணாச்சி, நெஞ்சில் ஏறி மிதிக்கிறீர்கள். ஆனாலும் சரி.

---

பின்வரிசை டிரம்ஸ் எழுதியது:

நிலவரம்: ஞாயிறு பிராக்டிசுக்கு முன்னால் ஐந்து பேரும் உட்கார்ந்தோம். மேடைக்கணக்கை வெள்ளைத்தாளில் எழுதி எல்லாரும் கையெழுத்துப் போட்டாயிற்று. பாடுகிற பிள்ளை டாக்சியையும் உடுப்பையும் பார்த்துவிட்டு ஒன்றரையை விட்டுவிட்டது. ஆனால் மலையாளப் பாட்டு இரண்டிலும் வரி என்னுடையது, அதை எழுது என்று நின்று எழுதவைத்தது. கீபோர்டு வாயைத் திறந்து இரண்டு இன்ட்ரோவைக் கேட்டான். ஒன்றுக்கு எல்லாரும் தலையாட்டினோம். இன்னொன்றுக்கு இன்னும் இழுபறி.

ஒரு சிக்கல் மிச்சம். தமிழ்ப் பாட்டு மூன்றுக்கு வரி எழுதியது பழைய பேஸ். இப்போது துபாயில் இருக்கிறான். மெசேஜ் போட்டேன். "காசெல்லாம் வேண்டாம்டே, பாட்டு உங்களுக்குத்தான், என் பெயர் மட்டும் போடுங்க" என்று குரல் பதிவு அனுப்பியிருக்கிறான். இது போதுமா?

---

கோர்ட்டு வாசல் எழுதியது:

போதாது. உரிமையை மாற்றித் தருவது எழுத்தில், கையெழுத்தோடு இருந்தால்தான் செல்லும். 19ஆம் பிரிவு. எத்தனை வருஷத்துக்கு என்று எழுதாவிட்டால் ஐந்து வருஷம்தான். எந்தெந்த நாட்டுக்கு என்று எழுதாவிட்டால் இந்தியாவுக்கு மட்டும். ஸ்ட்ரீமிங் துபாயிலும் ஓடும், அவனே அங்கே உட்கார்ந்து பாட்டைக் கேட்பான். இரண்டையும் எழுதி, எந்தப் பாட்டு என்று பெயர் சொல்லி, ஒரு தாள் அனுப்புங்கள். கையெழுத்துப் போட்டுத் திருப்பி அனுப்பட்டும். காசு வேண்டாம் என்கிறவனிடம் ராயல்டி உரிமையை எழுதி வாங்காதீர்கள், அது அவன் பெயரிலேயே நிற்கட்டும்.

---

பின்வரிசை டிரம்ஸ் எழுதியது:

சரி அண்ணே. ஓணத்துக்கு ஊருக்கு வருகிறானாம், தாளை அடித்து வைக்கிறேன். ஸ்டூடியோவுக்கு அவன் போட்ட காசுக்கான பங்கையும் அன்றைக்கே கொடுத்துவிடுகிறேன், பிரியாணியாகவே.